மேசையில் வைத்த பொட்டலமும் பொதுப் பக்கத்தில் வைத்த சொல்லும்

பில்ட் சர்வர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவங்களில் சிலவற்றை எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். சிலவற்றை எழுதப்போவதில்லை. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். முப்பத்தோராண்டுப் பணியில் நான் சரியாகச் செய்தவை பல உண்டு. அவற்றால் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை. சரியாக நடந்த ஒன்றை ஏன் சரியாக நடந்தது என்று யாரும் ஆராய்வதில்லை, நானும் ஆராய்ந்ததில்லை.

இக்கட்டுரையை நிர்வாகப் பிரிவினரும் படிப்பார்கள் என்று அறிகிறேன். ஆகவே அடிப்படையை இரண்டு பத்திகளில் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் நிறுவனம் சாங்கி விமான நிலையத்தில் உள்ள ஒரு சரக்குக் கிடங்கின் மின்பலகைகளுக்கான மென்பொருளை எழுதித் தருகிறது. எந்தச் சரக்கு எந்தக் கதவுக்குப் போக வேண்டும் என்பதை அப்பலகைகள் காட்டும். கிடங்கு ஊழியர்கள் அதைப் பார்த்து வண்டியைச் செலுத்துவார்கள். எழுதிய மென்பொருளைத் தொகுத்து, சோதித்து, உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பது பில்ட் சர்வர். அது செய்யும் ஒவ்வொரு காரியமும் ஒரு வேலை என்ற பெயரில் பதிவாகியிருக்கும். என் காலத்தில் நாற்பத்தொரு வேலைகள் இருந்தன. அனுப்புவதற்கு இரண்டு இடங்கள். ஒன்று பயிற்சித் தளம். அங்கே என்ன தவறு நேர்ந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. மற்றொன்று நேரடித் தளம். அதுதான் உண்மையான கிடங்கு.

எந்தத் தளத்துக்கு அனுப்புவது என்பதை ஒவ்வொரு வேலைக்கும் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் சொல்லுக்குச் சூழல் மாறி என்று பெயர். நான் பொறுப்பேற்றபோது அது நாற்பத்தொரு வேலைகளிலும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தது. ஒன்றை மாற்ற நாற்பத்தொரு இடத்தில் மாற்ற வேண்டும். இரண்டு இடம் எப்போதும் விட்டுப்போகும். நான் அத்தனையையும் நீக்கிவிட்டு, சர்வரின் பொது அமைப்புப் பக்கத்தில் 'தளம்' என்ற ஒரே மாறியை வைத்தேன். எல்லா வேலைகளும் தொடங்கும்போது அதைப் பார்த்துக்கொள்ளும். ஒரே இடம், ஒரே சொல். அதற்காக எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்பட்டது. அதைச் சட்டமிட்டு மாட்டியிருந்தேன். அது தகுதியற்ற சான்றிதழ் என்று இன்றும் நான் கருதவில்லை.

அந்தப் பக்கத்தைத் திறக்கும் அனுமதி மூவருக்கு மட்டுமே இருந்தது. சாதாரண நாட்களில் 'தளம்' பயிற்சி என்று இருக்கும். நேரடித் தளத்துக்கு அனுப்பும் நாளில் மூவரில் ஒருவர் அதை நேரடி என்று மாற்றி, தம் வேலை முடிந்ததும் பழையபடி பயிற்சி என்று வைப்பார். இடைப்பட்ட நேரத்தில் வேறு யாரும் எந்த வேலையையும் தொடங்கக் கூடாது. பக்கத்தைத் திறந்து பார்க்கும் அனுமதி இல்லாத மற்றவர்களுக்கு இது எப்படித் தெரியும்?

இங்கேதான் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சிங்கப்பூருக்கு நேற்று வந்திறங்கியவர்கூட உணவங்காடி நிலையத்தில் இதைப் பார்த்திருப்பார். சாப்பாடு வாங்கப் போகுமுன் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். பத்துத் தாள் கொண்ட, விலை மலிந்த அந்தப் பொட்டலம் இருக்கும் மேசையில் நண்பகல் கூட்டத்திலும் ஒருவர் உட்கார மாட்டார். தட்டை ஏந்திக்கொண்டு இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றுவாரே தவிர, பொட்டலத்தைத் தொட மாட்டார். எங்கள் தஞ்சோங் பகார் அலுவலகத்தில் பில்ட் சர்வரின் கண்காணிப்புத் திரை ஒரு பொது மேசையில் இருந்தது. நேரடி என்று மாற்றியவர் அத்திரையின் முன் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைப்பார். அதன் மேல் தம் பெயரின் முதலெழுத்தையும் நேரத்தையும் எழுதுவார். பொட்டலம் இருந்தால் யாரும் எதையும் தொடங்குவதில்லை. இந்த ஏற்பாடு எந்த ஆவணத்திலும் இல்லை. ஆறு ஆண்டுகள் ஒரு முறைகூடத் தவறவில்லை. வெளியூரிலிருந்து வந்த தணிக்கையாளர் ஒருவருக்கு நானே இதைப் பெருமையாக விளக்கியிருக்கிறேன். அவர் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

பக்கத்தைத் திறக்கும் அனுமதி பெற்ற மூவரில் ஒருவர் ஜெசிந்தா. தூத்துக்குடியிலிருந்து வந்தவர், ஒப்பந்தப் பொறியாளர். கணவரும் ஒரே மகளும் தெம்பனிஸில் அவருடன் இருந்தார்கள். மகள் அவ்வாண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதவேண்டியவள். ஜெசிந்தாவின் ஒப்பந்தம் அம்மாதம் முடிவதாக இருந்தது. அது நீட்டிக்கப்பட்டால்தான் வேலை அனுமதியும் நீளும். இல்லையேல் தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கையில் குடும்பம் பெட்டியைக் கட்ட வேண்டும். இது எங்கள் அனைவருக்கும் தெரியும். அவர் இதைப் பற்றிப் பேசியதில்லை.

காலை பதினொன்று ஐந்துக்கு ஜெசிந்தா 'தளம்' மாறியை நேரடி என்று மாற்றினார். அனுமதி பெற்ற மாற்றம், நானே கையெழுத்திட்டிருந்தேன். பொட்டலத்தில் 'ஜெ 11.05' என்று எழுதித் திரையின் முன் வைத்தார். தம் வேலைகளைத் தொடங்கிவிட்டு இருக்கைக்குத் திரும்பினார். அவை ஒன்றன்பின் ஒன்றாக முடிய அரை மணி நேரமாகும். கடைசி வேலைதான் கிடங்குக்கு அனுப்புவது.

பதினொன்று இருபதுக்கு ரஹ்மான் வந்து திரையைப் பார்த்தார். முப்பது வயது, பக்கத்தைத் திறக்கும் அனுமதி இல்லாதவர், வேலையில் சுறுசுறுப்பானவர். மேசையில் பொட்டலம் இல்லை. எனவே தம் பயிற்சி வேலையைத் தொடங்கினார். அது கற்பனைச் சரக்குகளை இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் பலகைகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

ஐந்து நிமிடத்தில் தொலைபேசி ஒலித்தது. சாங்கிக் கிடங்கின் மேற்பார்வையாளர் முருகையா.

"சார், கதவு தொண்ணூத்தொம்பது எங்க இருக்கு?"

"உங்கள் கிடங்கில் பன்னிரண்டு கதவுகள்தானே?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். போர்டுல ரொட்டி பிராட்டா நாப்பது கட்டு, கதவு தொண்ணூத்தொம்பதுன்னு வருது. அதுக்குக் கீழ தே தாரிக் மூணு டன். பசங்க வண்டிய நிறுத்திட்டு ஃபோட்டோ எடுத்துக்கிட்டு இருக்கானுங்க."

கற்பனைச் சரக்குகளுக்கு இப்படிப் பரோட்டா, நுரைத் தேநீர் என்று உணவங்காடிப் பெயர்களை இட்டவர் ரஹ்மான். அலுவலகத்துக்குப் பொருந்தாத விளையாட்டு என்று அதற்கு முந்தைய மாதம்தான் அவரைக் கண்டித்திருந்தேன். அவர் என் சொல்லைக் கேட்டு, துணி நாற்பது கட்டு, கதவு ஏழு என்று மாற்றியிருந்தால் கிடங்கு ஊழியர்கள் நாற்பது கட்டுத் துணியைத் தேடியிருப்பார்கள். கிடைத்த ஏதோ நாற்பது கட்டை ஏழாம் கதவில் ஏற்றியும் இருப்பார்கள். பயிற்சிக்கான பொருள் யார் கண்ணிலும் உண்மையாகத் தோன்றக் கூடாது. இதை ரஹ்மானிடம் பின்னர் ஒப்புக்கொண்டேன். எழுத்துமூலமாக அல்ல.

முருகையா தொடர்ந்தார். "சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும் சார். நிஜச் சரக்கு எதுவும் போர்டுல வரல. ஒரு விமானத்துலேருந்து மருந்துப் பெட்டிங்க இறங்கி வெயில்ல நிக்குது. குளிர் அறைக்கு எந்தக் கதவுன்னு தெரியணும். அதுக்கு இருபத்தஞ்சு நிமிஷம்தான் டைம்."

நான் எழுந்து சென்று திரையைப் பார்த்தேன். இரண்டு வேலைகள் ஓடிக்கொண்டிருந்தன. மேசையில் பொட்டலம் இல்லை என்பதையும் அப்போது கவனித்தேன். பக்கத்தைத் திறந்தேன், 'தளம்' நேரடி என்று இருந்தது. உடனே பயிற்சி என்று மாற்றினேன். காரியம் முடிந்தது என்று முருகையாவிடம் சொன்னேன்.

முடியவில்லை. இந்தத் தொழிலில் இருபத்தேழு ஆண்டு கழித்தவன், பாடநூலின் முதல் அத்தியாயத்தில் இருப்பதை அந்தக் கணத்தில் மறந்தேன். ஒரு வேலை சூழல் மாறியைத் தொடங்கும்போது ஒரே முறை பிரதி எடுத்துக்கொள்கிறது. அதன்பின் பொதுப் பக்கத்தில் நீங்கள் என்ன எழுதினாலும் அது திரும்பிப் பார்ப்பதில்லை. ரஹ்மானின் வேலை ஏற்கெனவே நேரடி என்று பிரதி எடுத்திருந்தது; ரொட்டி பிராட்டாவை அனுப்பிக்கொண்டே இருந்தது. ஜெசிந்தாவின் கடைசி வேலை இன்னும் தொடங்கவில்லை. அது கிடங்கைச் சென்றடைந்திருந்தால் பலகைகள் புதிதாகத் தொடங்கி, பொய்ச் சரக்குகள் துடைக்கப்பட்டிருக்கும். ஆனால் அது தொடங்கியபோது பொதுப் பக்கத்தில் என் கைவண்ணம் இருந்தது. அது பயிற்சி என்று பிரதி எடுத்துக்கொண்டு, பொறுப்பாகப் பயிற்சித் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பொய் உண்மையான கிடங்கிலும் உண்மை பொய்க் கிடங்கிலும் இருந்தன. சர்வரின் திரையில் எல்லாமே பச்சை.

முருகையா மீண்டும் அழைத்தார். "சார், இப்ப பிராட்டா எம்பது கட்டு ஆயிடுச்சு."

நான் அடுத்து எதை மாற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஜெசிந்தா வந்து திரையை ஒரு பார்வை பார்த்தார். ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். பிறகு என் கையிலிருந்த தொலைபேசியை வாங்கிக்கொண்டார். கேட்டு வாங்கவில்லை.

"முருகையா அண்ணே, எல்லா போர்டையும் ஆஃப் பண்ணிடுங்க."

"ஆஃப் பண்ணவா? அதுக்கு உங்க சார்கிட்ட..."

"நான் சொல்றேன். ஆஃப் பண்ணிட்டுக் காலையில அச்செடுத்த தாள்ல பாருங்க. மருந்துப் பெட்டி மூணாம் கதவு. மத்ததெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

பலகைகளை இருளவிடுவது எங்கள் பிரிவு அதுவரை செய்திராத காரியம். வாடிக்கையாளருக்கு அறிக்கை எழுத வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். அந்த அறிக்கையின் முதல் வரியை எப்படி எழுதுவது என்பதிலேயே என் மனம் இருந்தது. அவர் மனம் மருந்துப் பெட்டியில் இருந்தது. இருவரும் நெருக்கடியில்தான் இருந்தோம். நான் சரிசெய்யப் பார்த்தேன், அவர் நிறுத்தினார். எது எங்கே போகிறது என்று தெரியாதபோது முதலில் நிறுத்த வேண்டும். இதை அன்று என்னைவிடப் பதினெட்டு வயது இளையவரிடமிருந்து அறிந்தேன்.

மருந்துப் பெட்டிகள் நேரத்துக்குள் குளிர் அறைக்குப் போய்விட்டன. பலகைகள் ஒரு மணி நேரம் கழித்து ஒளிர்ந்தன.

பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் மேலாளர் விசாரணைக் கூட்டம் வைத்தார். அவர் சீனர், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவர். கேள்வி ஒன்றுதான்: பொட்டலம் இருந்ததா, இல்லையா? இருந்திருந்தால் குற்றம் ரஹ்மானுடையது. இல்லாதிருந்தால் ஜெசிந்தாவுடையது. ரஹ்மான் இல்லை என்றார். ஜெசிந்தா வைத்தேன் என்றார். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் அரைப்பக்கத்தில் ஒரு குறிப்பு தயாரித்திருந்தேன். அதை எழுந்து நின்று படித்தேன். முற்பகல் பதினொன்று முப்பதை ஒட்டி நான் அம்மேசையருகே சென்றதாகவும், அங்கே பொட்டலம் எதுவும் காணப்படவில்லை என்றும், நேரடி என மாற்றியவர் பொட்டலத்தை வைப்பது நெடுநாள் நடைமுறை என்றும் அதில் எழுதியிருந்தேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை.

மேலாளர் தலையசைத்தார். "இவர் சொன்னால் சரியாக இருக்கும்" என்றார். ஒப்பந்த நீட்டிப்பைத் திங்கட்கிழமை முடிவு செய்வதாகச் சொல்லிக் கூட்டத்தை முடித்தார். அதற்கு என்ன பொருள் என்பது அறையிலிருந்த அனைவருக்கும் விளங்கியது. ஜெசிந்தா என் பக்கம் சில வினாடிகள் பார்த்துவிட்டுத் தம் குறிப்பேட்டை மூடினார்.

அன்று எனக்குக் கடுமையான சளி. மாத்திரை எடுத்திருந்தேன், தலை கனத்திருந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அடுத்து வருவது விளங்குவதற்காகச் சொல்கிறேன்.

என் ஆடைகளைத் துவைத்துத் தேய்த்துத் தருபவர் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் சலவைக்கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, முந்தைய நாள் போட்ட துணியை வாங்கச் சென்றேன். அவர் மடித்த துணியின் மேல் ஒரு சிறு பொட்டலத்தை வைத்து நீட்டினார்.

"சார், கால்சட்டைப் பையில இருந்துச்சு. நல்லவேளை, துவைக்கிறதுக்கு முன்னாடி பார்த்தேன். இல்லேன்னா எல்லாச் சட்டையிலயும் பஞ்சா ஒட்டியிருக்கும்."

டிஷ்யூ பொட்டலம். மேலே நீல மையில் 'ஜெ 11.05'.

"பத்து வருசமா உங்க துணி வருது," என்றார் அவர். "உங்க பையில ஒரு சில்லறைகூட நான் பார்த்தது இல்ல. மத்தவங்களுக்கெல்லாம் உங்களத்தான் சொல்லிக் காட்டுவேன்."

நான் நன்றி சொல்லிவிட்டு நடந்தேன். ஞாயிறு மாலையில் அந்தத் தேக்கா வட்டாரத்தில் நடக்க இடம் இருக்காது. கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே என் நினைவைக் கட்டாயப்படுத்திப் பின்னோக்கிச் செலுத்தினேன். பதினொன்று பதினைந்து இருக்கும். திரையைப் பார்க்கப் போனேன். தும்மல் வந்தது. கை எட்டும் தூரத்தில் டிஷ்யூ இருந்தது. எடுத்தேன், துடைத்தேன், பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆறு ஆண்டுகளில் எவரும் தொடத் துணியாததை நான் மூக்குச் சிந்த எடுத்திருக்கிறேன். உணவங்காடி நிலையத்தில் ஒருபோதும் அதைச் செய்திருக்க மாட்டேன். அலுவலகத்தில் அந்த மேசை எனக்கு என் மேசையாகத் தோன்றியது. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எனக்கு இரண்டு வழிகள் இருந்தன என்று எவரும் சொல்வார்கள்: சொல்வது, சொல்லாமல் இருப்பது. என்னைப் போல் படித்தவர்களுக்கு எப்போதும் மூன்றாவது ஒன்று தோன்றும். திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்பாக அலுவலகம் சென்று, அப்பொட்டலத்தை மேசைக்கும் சுவருக்கும் இடையில் விழுந்து கிடப்பதுபோல் வைத்தேன். அவர் வைத்தது உண்மை என்று தெரிந்துவிடும். எடுத்தவர் யாரும் இல்லை என்றும் ஆகிவிடும்.

பத்து மணிக்கு ரஹ்மான் அதைக் கண்டெடுத்தார். "அக்கா! ஜெசிந்தாக்கா! இங்க பாருங்க லா. உங்க பாக்கெட் சுவத்துப் பக்கம் விழுந்து கிடக்கு!"

எல்லோரும் மேசையைச் சூழ்ந்தார்கள். மேலாளரும் வந்தார். ரஹ்மான் அவரிடம் ஆங்கிலத்தில் விளக்கினார்: குளிரூட்டியின் காற்று அடித்துத் தள்ளியிருக்கும். மேலாளர் தலையை நிமிர்த்திக் காற்று வரும் துளையைப் பார்த்தார். பின் தம் முடிவைச் சொன்னார். இனிமேல் பொட்டலத்தை ஒட்டுநாடாவால் மேசையில் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் வைத்தது கவனக்குறைவு. அது ஜெசிந்தாவின் பணிக்கோப்பில் இருக்கும்.

என் மூன்றாவது வழி இங்கேதான் வந்து நின்றது. ஜெசிந்தா பொய் சொல்லவில்லை என்று மட்டும் ஆயிற்று. குற்றம் அவரிடமே இருந்தது; ஒப்பந்தமும் இருந்த இடத்திலேயே இருந்தது. கூடுதலாக, நாற்பத்தொரு வேலைகளின் பாதுகாப்பு ஒட்டுநாடாவின் பொறுப்பில் விடப்பட்டது.

ஜெசிந்தா பொட்டலத்தைக் கையில் வாங்கினார். திருப்பிப் பார்த்தார். திறந்து, தாள்களை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார்.

"ரஹ்மான், இது புதுப் பொட்டலம்டா. அன்னைக்குத்தான் கீழ கடையில வாங்குனேன். பத்து இருக்கணும்."

"எத்தனை இருக்கு?"

"ஆறு."

"அப்போ?"

"அப்போ என்ன, காத்துக்குச் சளி பிடிச்சிருக்கு. மூக்கு சிந்தியிருக்கு."

ரஹ்மான் வாய்விட்டுச் சிரித்தார். சுற்றியிருந்த தமிழர்களும் சிரித்தார்கள். தமிழ் தெரியாத மேலாளர் என்னவென்று கேட்டார். ரஹ்மான் மொழிபெயர்க்கத் தொடங்கினார். 'சளி' என்ற சொல்லுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அந்த வாரம் அலுவலகத்தில் சளி பிடித்திருந்தவர் ஒருவர்தான். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க எல்லோரும் முயன்றது நன்றாகத் தெரிந்தது. ஜெசிந்தா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எண்ணுவதற்கு முன்பே நான் பேசினேன் என்று இங்கே எழுத விரும்புகிறேன். எண்ணிய பிறகுதான் பேசினேன்.

"அதை எடுத்தது நான்," என்றேன்.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "எப்போது தெரிந்தது?"

"நேற்று. என் கால்சட்டைப் பையில் இருந்தது."

"நேற்று உங்கள் பையில் இருந்தது இன்று சுவரோரம் எப்படி வந்தது?"

"நான் வைத்தேன்."

அவர் சுவரோரத்தை ஒரு முறை பார்த்தார். பின், விசாரணைக்குச் சம்பந்தமில்லாததுபோல் ஒரு கேள்வி கேட்டார். ஒருவர் தும்மினால் ஒரு கிடங்கு நின்றுபோகும்படி இந்த ஏற்பாட்டை வடிவமைத்தது யார்?

"நான்," என்றேன் மறுபடியும்.

ஒரே காலையில் இரண்டு முறை அச்சொல்லைச் சொல்ல நேர்ந்தது. இரண்டாவது முறைதான் கடினமாக இருந்தது. பொட்டலத்தை எடுத்தது தும்மல். பொதுப் பக்கத்தில் அந்தச் சொல்லை வைத்தது என் தேர்ந்த அறிவு. பொதுவில் இருப்பதை யார் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள், வைத்தது இன்னும் செல்லுமா என்று எந்த வேலையும் என்னைக் கேட்டதில்லை. அவை கேட்காமலிருந்ததை ஒழுங்கு என்று நான் எண்ணியிருந்தேன்.

அன்று மாலை ஜெசிந்தாவின் ஒப்பந்தம் இரண்டாண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. பொதுப் பக்கத்தின் பொறுப்பை என்னிடமிருந்து அவருக்கு மாற்றும்படி மேலாளர் சொன்னார். நான் ஒப்படைத்தேன். அவர் முதல் வாரத்திலேயே 'தளம்' மாறியை அப்பக்கத்திலிருந்து நீக்கினார். இப்போது வேலையைத் தொடங்குபவர் எந்தத் தளம் என்பதைத் தாமே சொல்லித் தொடங்க வேண்டும். அவ்வேலை அதை ஒரு கோப்பில் எழுதி அடுத்த வேலையிடம் கொடுக்கும். அடுத்தது அதை மட்டுமே படிக்கும், வேறெங்கும் பார்க்காது. ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் நீங்கள் காணும் 'தளம்: பயிற்சி, தொடங்கியவர்: இன்னார்' என்ற வரி அவர் போட்டது. ஒரு முறை, அவசரத்துக்காக ஒரே ஒரு மாறியைப் பொதுப் பக்கத்தில் வைக்க அனுமதி கேட்டேன். மறுத்துவிட்டார். காரணத்தை மூன்று வரியில் எழுதியிருந்தார். சரியான காரணம்.

திங்கட்கிழமை நண்பகலுக்குத் திரும்புகிறேன். கீழே உணவங்காடியில் ஜெசிந்தா தனியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரில் நின்றேன். உட்காரச் சொன்னார்.

"என்னை எப்போது சந்தேகித்தீர்கள்?" என்று கேட்டேன்.

"சந்தேகமே இல்ல சார். வெள்ளிக்கிழமையே தெரியும்."

"எப்படி?"

"நீங்க எழுந்து நின்னு குறிப்பைப் படிச்சீங்க பாருங்க. வலது கையில தாள். இடது கையில பொட்டலம். நடுவுல ரெண்டு தரம் மூக்கைத் துடைச்சீங்க. என் எழுத்து எனக்குத் தெரியாதா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அங்கேயே சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"யாருகிட்ட? நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள அவர் தலையாட்டிட்டார். அங்க இருந்த அஞ்சு பேரும் உங்க முகத்தைத்தான் பார்த்தாங்க. ஒருத்தர்கூட உங்க கையைப் பார்க்கல." ஒரு வாய் எடுத்து உண்டார். "நான் கையை நீட்டிச் சொல்லியிருந்தா, வேலை போற பயத்துல பெரிய மனுஷர் மேல பழி போடுறான்னுதான் சொல்லியிருப்பாங்க. வீட்டுக்குப் போயி மகளோட பாடப் புத்தகத்தையெல்லாம் பெட்டியில எடுத்து வெச்சேன் சார்."

அதன்பின் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஓய்வு பெறும்வரை அவருக்குக் கீழே நான்காண்டு பணியாற்றினேன். அவர் என்னைச் சார் என்றே அழைத்தார்.

சாப்பிட்டு மேலே வந்ததும் மேலாளரைப் பார்த்து, வெள்ளிக்கிழமைக் குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதி கேட்டேன். அவர் தரவில்லை. வேண்டுமானால் இன்னொன்று எழுதிக் கொடுக்கலாம் என்றார். எழுதினேன். தும்மல், சலவைக்கடை, சுவரோரம், கூட்டத்தில் என் இடது கை எல்லாம் அதில் இருக்கின்றன. பலமுறை அடித்துத் திருத்தியதால் பார்வைக்கு நன்றாக இராது. பிரிவில் சேரும் ஒவ்வொருவரும் முதல் நாளில் இரண்டு குறிப்புகளையும் படிக்க வேண்டும் என்று ஜெசிந்தா பின்னர் விதி வைத்தார். நீங்களும் படித்திருப்பீர்கள். முதல் குறிப்பின் நடை தெளிவானது. அதில் ஒரு பிழையும் காண முடியாது. வேலைக்கு இரண்டாவதை வைத்துக்கொள்ளுங்கள்.